கல்லின் சாட்சியும் ஆறு நாட்களும்



1857ஆம் ஆண்டிலே பிரித்தானியாவில் இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று ஹியூ மில்லர் எழுதிய 'பாறைகளின் சாட்சியம்'. மற்றையது பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய 'ஒம்பலோஸ்'. இரண்டும் எடுத்துக்கொண்ட வினா ஒன்றேதான். ஆறு நாட்களிலே கடவுள் உலகைப் படைத்தார், ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்பது ஆதியாகமத்தின் கூற்று. நிலத்தை அகழ்ந்தால் வெளிப்படும் பாறைப் படைகளோ எண்ணிப் பார்க்கவும் அச்சந்தரும் நெடுங்காலத்தைக் காட்டுகின்றன. இரண்டையும் ஒருவன் எவ்வாறு ஒருங்கே ஏற்றுக்கொள்வது? முதல் நூலின் ஆசிரியர் அது வெளிவருமுன்பே தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். இரண்டாம் நூலின் பிரதிகளிற் பெரும்பகுதி பழைய தாளாக எடைக்குப் போயிற்று.

இஃது கிறிஸ்தவ அன்பர்களின் வீட்டு வழக்கு, சைவப் பாடசாலைத் தமிழ் வாத்தியாருக்கு இதில் என்ன அலுவல் என்று நேயர் சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. உயர்தர வகுப்பிலே தேம்பாவணிப் பாடல்கள் சிலவற்றைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், ஆறு நாளிலை உலகம் உண்டானது எண்டு பைபிள் சொல்லுது. சயன்ஸ் ரீச்சர் 450 கோடி வருசம் எண்டு சொல்லுறா. இரண்டிலை எது சரி?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. ஞாயிறு தோறும் கோயிலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளை அவன். ஒரு பழைய நூலை மதிப்பதும் உண்மையை மதிப்பதும் மோதிக்கொள்ளும்போது என்ன செய்வது என்பதே அவன் கேட்ட கேள்வி. பழைய நூல்களைப் படிப்பித்துச் சீவிக்கின்ற எவனும் அதனைத் தட்டிக் கழித்துவிட முடியாது. அன்றுதொட்டு இந்த வரலாற்றைத் தேடிப் படித்து வருகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. அயர்லாந்தின் ஆர்மா நகரத்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலொன்றிலே, உலகம் கி.மு. 4004ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆம் திகதிக்கு முந்திய மாலைப்பொழுதில் உண்டாயிற்று என்று எழுதினார். இன்று இதனைக் கேட்டு நகைப்பவர் பலர். அஷர் நகைப்புக்குரியவர் அல்லர். ஆதாம் முதலான தலைமுறைகளின் வயதுகளைக் கூட்டிவிட்டு அவர் நின்றுவிடவில்லை. பபிலோனிய அரசர்களின் ஆட்சியாண்டுகளோடும், கிரேக்க உரோம வரலாற்றாசிரியர்களின் குறிப்புகளோடும், வானியற் கணிப்புகளோடும் வேதாகமக் காலத்தைப் பொருத்திப் பார்த்தார். அக்காலத்திற் கிடைத்த சான்றுகளைக் கொண்டு செய்யக்கூடிய நேர்மையான ஆராய்ச்சி அது. கெப்ளர் போன்ற வானியல் மேதையும் ஏறத்தாழ அதே காலத்தையே கணித்திருந்தார். 1701ஆம் ஆண்டளவில் அஷரின் ஆண்டுகள் ஆங்கில வேதாகமத்தின் பக்க ஓரங்களிலே அச்சிடப்பட்டன. வினை அங்கேதான் தொடங்கிற்று. ஓரத்தில் நின்ற உரைகாரரின் எண், படிப்பவர் மனத்திலே மூலநூலின் சொல்லாக மாறிவிட்டது. நம்முடைய ஏட்டுப் பிரதிகளிலும் உரைக் குறிப்பு மூலத்தோடு கலந்துபோன கதைகளை அறிந்தவர்களுக்கு இது புதுமையன்று.

இந்த எண்ணை முதலில் அசைத்தவர்கள் நாத்திகர்கள் அல்லர். 1788ஆம் ஆண்டிலே எடின்பரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹட்டன், நண்பர் இருவருடன் படகேறி ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள சிக்கர் முனைக்குப் போனார். அங்கே சாம்பல் நிறப் பாறைப் படைகள் ஏறத்தாழ நெட்டுக்குத்தாக நிற்கின்றன. அவற்றின் தலைமேலே செந்நிற மணற்கற் படைகள் சற்றே சரிந்து கிடக்கின்றன. கீழுள்ளவை கடலடியிற் சேறாகப் படிந்து, இறுகிக் கல்லாகி, மடிந்து நிமிர்ந்து, தேய்ந்து, அதன் பின்னரே மேலுள்ளவை படிந்திருத்தல் வேண்டும். இதற்கு எத்தனை காலம் சென்றிருக்கும்! உடன் சென்றவர்களில் ஒருவரான ஜோன் பிளேபெயார் கணிதப் பேராசிரியர். முன்னர் கிராமமொன்றிலே போதகராகப் பணி செய்தவர். காலத்தின் அந்தப் பாதாளத்தை எட்டிப் பார்த்தபோது தலை சுற்றியதாக அவர் எழுதிவைத்தார்.

அதே செம்மணற்கல்லைத்தான் 1820இலே, பதினேழு வயதில், குரோமார்ட்டி என்னும் கடற்கரையூரில் ஹியூ மில்லர் உடைக்கத் தொடங்கினார். தந்தையார் கப்பலோட்டி, மில்லர் ஐந்து வயதுச் சிறுவனாக இருந்தபோது கடலோடு போய்விட்டார். பிள்ளை கல்வெட்டும் தொழிலுக்குப் போனான். வேலை தொடங்கிய புதிதிலேயே, பிளந்த பாறையின் முகத்திலே கடற்கரை மணலில் அலை விட்டுப்போகும் வரிகளை அப்படியே கண்டதாக அவர் எழுதுகிறார். பின்னர் உயிர்ச்சுவடுகள் வந்தன. சிறகு போன்ற கைகளும் கவசம் போன்ற உடலுங்கொண்ட விசித்திர மீனொன்றை அவர் கண்டெடுத்தார். சுவிற்சர்லாந்து அறிஞர் லூயி அகாசி அதற்கு மில்லரின் பெயரையே சூட்டினார். 1841இல் வெளிவந்த 'பழைய செம்மணற்கல்' என்ற நூல் அவரைப் புகழேணியில் ஏற்றிற்று. பல்கலைக்கழகம் ஏறாத கல்வெட்டுத் தொழிலாளியின் உரைநடையைப் பேராசிரியர்களே வியந்தார்கள்.

அவர் இன்னொன்றும் செய்தார். 1840 முதல் 'சாட்சி' என்ற பொருள்படும் பெயர்கொண்ட எடின்பரோப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். 1843ஆம் ஆண்டிலே, போதகரை நியமிக்கும் உரிமை நிலப்பிரபுவுக்கா சபைக்கா என்ற வழக்கிலே 450க்கு மேற்பட்ட போதகர்கள் சம்பளத்தையும் வீட்டையும் துறந்து ஸ்கொட்லாந்துச் சபையைவிட்டு வெளியேறினார்கள். அந்த இயக்கத்தின் எழுதுகோல் மில்லருடையது. ஆகவே வேதாகமம் அவருக்கு அலமாரியில் இருந்த நூலன்று. அதற்காகத் தம்மவர்கள் வீதியில் நின்றதைக் கண்டவர் அவர். பாறையும் அவருக்கு ஏட்டறிவன்று. தம் கையால் உடைத்தது; அதன் தூசு நுரையீரலிற் படிந்து ஆயுள் முழுதும் அவரை வருத்தியது.

அந்நாளிலே இணக்கம் காண்பதற்கு ஒரு வழி வழக்கிலிருந்தது. தோமஸ் சால்மர்ஸ் என்ற புகழ்பெற்ற போதகர், ஆதியாகமத்தின் முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் இடையிலே சொல்லப்படாத நெடுங்காலம் உண்டென்றார். பாறைகளும் அழிந்துபோன உயிர்களும் அந்த இடைவெளிக்குரியவை. பின்னர் எல்லாம் குலைந்து, ஆறு சாதாரண நாட்களிலே இன்றைய உலகம் ஆக்கப்பட்டது என்பது அவர் கொள்கை. சமயவாதிக்கு நாள் நாளாகவே இருந்தது. புவிச்சரிதவியலாளனுக்கு வேண்டிய காலம் கிடைத்தது. மில்லரும் தொடக்கத்தில் இதனை ஏற்றார்.

பின்னர் அவரே அதைக் கைவிட்டார். அவரை விடச்செய்தது சிப்பி. அண்மைக்காலப் படைகளை ஆராய்ந்தபோது, இன்று கடலில் வாழும் சிப்பி வகைகள் அழிந்த வகைகளோடு அடுத்தடுத்துக் கலந்து கிடப்பதை அவர் கண்டார். எல்லாம் குலைந்து இருண்டுபோன ஓர் இடைவெளிக்கு அங்கே அடையாளமே இல்லை. இடைவெளி உரை வசனத்துக்குள் அழகாகப் பொருந்தலாம், கல்லுக்குள் பொருந்தவில்லை. தமக்கு வசதியான விளக்கத்தைச் சான்றுக்காகத் துறந்த இந்தச் செயலுக்காகவே மில்லரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அவர் நாடிய அடுத்த வழி, ஒவ்வொரு நாளும் ஒரு பேரூழி என்பது. மோசே தரிசனங்களிலே, நாடகத் திரை விலகி விலகி மூடுவதுபோல, உலகின் வரலாற்றைக் காட்சி காட்சியாகக் கண்டான். மூன்றாம் நாளின் செடிகொடிகள் நிலக்கரி தந்த பெருங்காடுகள். நான்காம் நாளிலே சூரியன் படைக்கப்படவில்லை. அடர்ந்த ஆவி விலகியதனாலே அப்போதுதான் கண்ணுக்குத் தோன்றியது. ஐந்தாம் நாள் பெரும் ஊர்வனவற்றின் காலம். ஆறாம் நாள் பாலூட்டிகளும் ஈற்றில் மனிதனும். நோவா காலத்து வெள்ளம் உலகம் முழுவதையும் மூடவில்லை, ஒரு பிரதேசத்து வெள்ளமே என்றும் துணிந்து எழுதினார். ஆயினும் ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிர் தோன்றும் என்னும் கூர்ப்புக் கருத்தை இறுதிவரை எதிர்த்தார்.

'பாறைகளின் சாட்சியம்' நூலின் அச்சுப்படிகளைத் திருத்தி முடித்த வேளையிலே, 1856 டிசெம்பர் 23ஆம் திகதி இரவு, துப்பாக்கியால் தம்மைச் சுட்டுக்கொண்டார். வயது 54. வேதத்தையும் கல்லையும் இணைக்க முடியாமல் மனமுடைந்து இறந்தார் என்று ஒரு கதை பின்னர் பரவிற்று. நல்ல கதைதான்; ஆதாரம் இல்லை. மனைவி லிடியாவுக்கு எழுதிய கடைசிக் குறிப்பிலே தம் மூளை எரிகிறது என்றும் கொடுங்கனவு வருத்துகிறது என்றுமே சொல்லியிருந்தார். பிரேத பரிசோதனை செய்த மருத்துவர்களும் மூளை நோயென்றே கூறினார்கள். நோயாளியின் துயரத்தைத் தம் கட்சிக்குச் சான்றாக்கிக்கொள்வது எந்தக் கட்சிக்கும் அழகன்று.

கொஸ்ஸின் கதை வேறு. அவரும் சிறந்த விஞ்ஞானியே. கடல்வாழ் உயிரினங்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்துப் பார்க்கும் வழக்கம் இங்கிலாந்தில் பரவியதற்கு முதற் காரணர்களில் ஒருவர். 1857 பெப்ரவரியில் மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர் அவ்வாண்டிலேயே 'ஒம்பலோஸ்' நூலை வெளியிட்டார். கிரேக்க மொழியிலே ஒம்பலோஸ் என்றால் தொப்புள். ஆதாமுக்குத் தொப்புள் இருந்ததா? தாய் வயிற்றில் பிறக்காதவனுக்கு அது எதற்கு? இருந்திருக்கும் என்றார் கொஸ். முழு மனிதனாகப் படைக்கப்பட்டவனுக்குப் பிறந்து வளர்ந்த அடையாளங்களும் இருந்தே தீரும். அன்று படைக்கப்பட்ட மரத்தை வெட்டினாலும் உள்ளே ஆண்டு வளையங்கள் இருக்கும். அவ்வாறே பூமியும் தன் பாறைகளோடும் உயிர்ச்சுவடுகளோடும், நடந்தேயிராத ஒரு பழைமையின் தோற்றத்தோடு படைக்கப்பட்டது.

தருக்க முறையிலே இதனை யாரும் உடைக்க முடியாது. உலகம் நேற்றுப் பிற்பகல் நம் நினைவுகளோடு சேர்த்துப் படைக்கப்பட்டது என்றாலும் உடைக்க முடியாதுதான். கொஸ்ஸுக்குப் பேரதிர்ச்சி தந்தது விஞ்ஞானிகளின் புறக்கணிப்பன்று. நண்பரும் திருச்சபைப் போதகருமான சார்ள்ஸ் கிங்ஸ்லியின் கடிதம். கடவுள் பாறைகளிலே பிரமாண்டமான ஒரு பொய்யை எழுதிவைத்தார் என்று தம்மால் நம்ப முடியாது என்று அவர் எழுதினார். வேதத்தைக் காப்பாற்றப் போய்க் கடவுளையே பொய்யராக்கிவிட்ட அந்தத் துயரத்தை மகன் எட்மண்ட் கொஸ் 1907இல் வெளியிட்ட 'தந்தையும் மகனும்' என்ற நூலிலே எழுதியிருக்கிறார். அப்பா பிள்ளை உறவைப் பற்றிய எத்தனையோ நூல்களைப் படித்திருக்கிறேன். அதனைப்போல் நெஞ்சைத் தொட்டவை சிலவே.

1860இலே சார்ள்ஸ் விக்லிப் குட்வின் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். எகிப்திய எழுத்துக்களை வாசிக்க வல்லவர். குருப்பட்டம் பெற மனமொப்பாமற் கேம்பிரிட்ஜ் பதவியைத் துறந்தவர். இணக்கம் கண்டவர்கள் எல்லாரையும் அவர் ஒரே மேசையில் இருத்தினார். இடைவெளி என்பவர், நாள் என்றால் ஊழியாகாது என்கிறார். ஊழி என்பவர், இடைவெளியே இல்லை என்கிறார். ஆக, ஒருவரை ஒருவரே மறுத்துவிடுகிறார்கள்! மூலத்தின் நேர்ப்பொருளை வளைத்தால்தான் இவை எல்லாம் பொருந்துகின்றன என்பது அவர் கண்டது. கால் நூற்றாண்டின் பின், 1885இலே, பிரதமர் பதவியிலிருந்து அப்போதுதான் விலகியிருந்த கிளாட்ஸ்டன் மீண்டும் இணக்கவாதம் பேசினார். நீருயிர், பறவை, தரைவிலங்கு என்ற ஆதியாகம வரிசையை விஞ்ஞானம் உறுதி செய்கிறது என்றார். தோமஸ் ஹக்ஸ்லி விடவில்லை. பறவைகளுக்கு முன்னரே தரையில் ஊர்வன வாழ்ந்தமைக்குக் கல்லிலே சான்று கிடக்கிறது என்று காட்டினார். வரிசை பொருந்தவில்லை. அவ்வளவுதான்.

இனி என் துறைக்கு வருகிறேன். அந்த அதிகாரத்தைப் புவிச்சரிதவியல் நூலாக அல்லாமல், ஒரு பழைய பாடலைப் படிப்பதுபோலப் படித்துப் பாருங்கள். முதல் நாள் ஒளி. நான்காம் நாள் ஒளிதரும் சுடர்கள். இரண்டாம் நாள் நீரும் வானும் பிரிகின்றன. ஐந்தாம் நாள் நீரிலே மீனும் வானிலே பறவையும். மூன்றாம் நாள் தரையும் பூண்டும். ஆறாம் நாள் தரைவிலங்கும் மனிதனும். இது நிரல்நிறை அல்லவா! முதல் மூன்று நாட்களில் இடங்கள். அடுத்த மூன்று நாட்களில் அந்த அந்த இடத்துக்கு உரியவர்கள். ஜேர்மன் அறிஞர் ஹேர்டர் 18ஆம் நூற்றாண்டிலேயே இந்த அமைப்பைக் கண்டு எழுதியிருக்கிறார். சூரியன் இல்லாமல் மூன்று நாட்கள் எப்படி என்ற கேள்வியோ அதனினும் பழையது. 3ஆம் நூற்றாண்டில் ஒரிஜனும், 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகுஸ்தீனாரும் அதைக் கேட்டு, இவை நாமறிந்த நாட்கள் அல்ல என்றனர். வானத்தையும் பூமியையும் பற்றி அறிந்தவர்கள் முன்னிலையிலே, வேதத்தின் பெயரால் அறியாமை பேசி நகைப்புக்கு இடமாக வேண்டாம் என்று தம் மதத்தவரை எச்சரித்தவரும் அந்த அகுஸ்தீனாரே. புவிச்சரிதவியல் பிறப்பதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர்!

இன்னொன்று. நினிவே நகரின் இடிபாடுகளிலே கிடைத்த களிமண் ஏடுகளை வாசித்த ஜோர்ஜ் ஸ்மித், 1876இலே பபிலோனியரின் படைப்புக் கதையை வெளியிட்டார். அங்கே மார்டுக் என்னும் தெய்வம் தியாமத் என்னும் கடலரக்கியைக் கொன்று உடலை இரண்டாகப் பிளந்து வானமாக்குகிறது. தேவர்களின் வேலைப்பளுவைச் சுமப்பதற்காக, தோற்ற தெய்வமொன்றின் குருதியிலிருந்து மனிதன் செய்யப்படுகிறான். ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் பபிலோனியச் சிறைவாழ்வுக் காலத்தை, அதாவது கி.மு. 6ஆம் நூற்றாண்டை ஒட்டி இன்றைய வடிவம் பெற்றது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அப்படியாயின், ஊரும் கோயிலும் இழந்து அந்நிய நகரிலே இருந்த ஒரு மக்கட் கூட்டம் யாருக்கு என்ன சொல்கிறது என்பது விளங்கும். போர் இல்லை, அரக்கி இல்லை. சொல்லினால் உலகம் உண்டாகிறது. மனிதன் தேவர்களின் கூலியாள் அல்லன், கடவுளின் சாயல். சூரிய சந்திரருக்கு அங்கே பெயர்தானும் இல்லை. பெரிய சுடர், சிறிய சுடர் என்ற அளவிலே நிற்கிறது. சுற்றியிருந்தவர்கள் தெய்வமென்று தொழுத பெயர்களைச் சொல்லாமல் விட்டு, அவற்றை விளக்குகளாக்கிவிடுகிறது. சொல்லாமல் விட்ட சொல்லிலே பொருள் வைப்பதைச் சங்கப் பாடல் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு நீதி பேச வேண்டும். இது கவிதை, இதற்குக் காலக் கணக்கு வேண்டாம் என்று வெளியில் நிற்கும் எனக்குச் சொல்வது எளிது. மில்லருக்கு எளிதன்று. முதல் அதிகாரம் அணியென்றால், அடுத்துவரும் ஆதாமும் அவன் பாவமும் என்ன? ஆதாமின் வீழ்ச்சி வரலாறில்லையெனில், அதற்கு ஈடாகக் கிறிஸ்துவின் மீட்பைப் பேசும் பவுல் அடிகளின் நிருபங்களை எப்படிப் படிப்பது? ஒரு செங்கல்லை உருவினால் எத்தனை கல் சரியும் என்ற அச்சம் அது. அச்சத்தை எள்ளி நகையாடுபவர், தம் வீட்டுச் சுவரையும் ஒருமுறை பார்த்தல் நன்று.

நம் வீட்டுச் சுவர் என்று சொன்னதற்கும் காரணமுண்டு. 1823 முதல் 1855 வரை இயங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியிலே அமெரிக்க மிசனரிமார் மேலைத்தேய வானசாஸ்திரம் படிப்பித்தார்கள். மேருவையும் ஏழு கடல்களையும் பற்றிய புராணக் கணக்குப் பொய்யென்று காட்ட அதுவே அவர்களின் ஆயுதம். அதே பத்தாண்டுகளிலே அவர்களின் தாய்நாடுகளில் ஆறு நாட் கணக்கு ஆட்டங் கண்டுகொண்டிருந்தது. அதே காலத்திலேதான் ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்ற வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பும் 1850இல் அச்சேறியது. நம்மவரும் பின்னாளில் இணக்கவாதத்துக்கு இளைத்தவர்கள் அல்லர். மீன், ஆமை, பன்றி, நரசிங்கம் என்று தசாவதாரமே கூர்ப்புக் கொள்கை என்பதை மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! 1877இலேயே பிளவாட்ஸ்கி அம்மையார் எழுதிய கருத்து அது. ஆமைக்குப் பின்னர் பன்றி சரி. பரசுராமனுக்குப் பின்னர் இராமன் எந்தக் கூர்ப்பு? கிளாட்ஸ்டனுக்கு ஹக்ஸ்லி சொன்ன விடைதான் இங்கும்.

கல்லின் வயது பின்னர் உறுதியாயிற்று. யுரேனியம் சிதைந்து ஈயமாகும் வேகத்தை அளவுகோலாகக் கொண்டு, விண்கற்களின் ஈயத்தை ஆராய்ந்த கிளயர் பற்றர்சன் 1956இலே பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டு என்றார். இன்றுவரை அந்த எண் பெரிதாக மாறவில்லை. சரியாக மில்லர் இறந்து நூறாண்டு.

பிரபஞ்சத்தின் கதையிலே இணக்கம் தலைகீழாக வந்தது. ஜோர்ஜ் லெமைத்ர் பெல்ஜியத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குருவானவர், இயற்பியலாளர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இலும், அது ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று 1931இலும் எழுதியவர். 1951 நவம்பரிலே பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், ஒளி உண்டாகட்டும் என்ற ஆதிக் கட்டளைக்கு விஞ்ஞானமே சாட்சி சொல்லிவிட்டது என்ற கருத்துப்பட உரையாற்றினார். மகிழ்ந்திருக்க வேண்டியவர் லெமைத்ர். அவரோ கலங்கினார். விஞ்ஞானக் கருதுகோள் நாளை திருத்தப்படலாம். அதிலே விசுவாசத்தைக் கட்டிவைத்தால் அதுவும் சேர்ந்து ஆடும். உண்மையாகவே அந்நாளில் பிரபஞ்சத்தின் வயதாகக் கணக்கிடப்பட்டது, பூமியின் பாறைகள் காட்டிய வயதிலும் குறைவாக இருந்தது! அடுத்த ஆண்டு செப்டெம்பரில் உரோமாபுரியிலே வானியலாளர் மாநாட்டில் பாப்பரசர் பேசியபோது அந்தக் கூற்று மீண்டும் வரவில்லை. 1958இல் விஞ்ஞானிகள் கூடிய சபையொன்றிலே, தம் கொள்கை சமய வினாக்களுக்கு முற்றிலும் வெளியே நிற்பது என்று லெமைத்ர் தாமே கூறினார். சொன்னவர் நாடோறும் பூசை ஒப்புக்கொடுத்த குருவானவர்.

பின்வாங்கு மாணவனுக்கு இந்தக் கதைகளை இரண்டு பாடவேளைகளிலே சொன்னேன். தேம்பாவணி ஒரு கிழமை பிந்திப்போயிற்று. அவன் மில்லரின் மீன் எப்படியிருக்கும் என்று கேட்டான். கரும்பலகையிலே வரைந்து காட்டினேன். சிறகுகள் சற்றுப் பெரிதாக விழுந்துவிட்டன.